எம்.எல்.ஏ. கட்டிய வகுப்பறையை மட்டும் எண்ணாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் தொகுதிக்கு என்னென்ன செய்தார்கள் என்று உங்கள் நாளிதழில் வந்த தொகுப்பை முழுசாகப் படித்தேன். பயணியர் நிழற்குடை எத்தனை, உயர்கோபுர மின்விளக்கு எத்தனை, ரேஷன் கடைக் கட்டடம் எத்தனை, சிமெண்ட் சாலை எத்தனை மீட்டர் என்று பொறுமையாகச் சேகரித்துப் போட்டிருந்தீர்கள். அந்த உழைப்புக்கு நன்றி. ஆனால் கல்வி என்று வரும்போது எல்லார் பெயருக்குக் கீழேயும் "கூடுதல் வகுப்பறை, சுற்றுச்சுவர்" என்பதோடு விஷயம் முடிந்துவிட்டது. மகளை அரசு மேல்நிலைப் பள்ளியில் படிக்க வைக்கிறவன், அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறவன் என்ற முறையில் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு எம்.எல்.ஏ. செய்கிற வேலையைக் கட்டடக் கணக்கில் அளந்தால் அவரும் கட்டடம்தான் கட்டுவார், வேறு எதையும் செய்ய மாட்டார், ஏனென்றால் வேறு எதையும் யாரும் கேட்கவில்லை. நான் எதிர்பார்ப்பது வேறு. பள்ளி மேலாண்மைக் குழுக்கள் போடுகிற தீர்மானங்களை அவர் கையில் வாங்க வேண்டும், அவற்றை அதிகாரிகளிடமும் சட்டமன்றத்திலும் எழுத்தில் விடாமல் தொடர வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை அதே பெற்றோர்கள் முன்னால் வந்து எது நடந்தது எது நடக்கவில்லை என்று சொல்ல வேண்டும். இதற்குத் தனியாக நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை, புதுச் சட்டமும் வேண்டியதில்லை.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எல்லா எம்.எல்.ஏ. அலுவலகத்திலும் முதலில் வருகிற பதில் அதுதான். தமிழ்நாட்டில் ஒரு எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். ஐந்து வருஷத்துக்கு 15 கோடி. கேட்க நிறையத் தெரிந்தாலும் சாலை, குடிநீர், சுடுகாட்டுப் பாதை, ரேஷன் கடை, அங்கன்வாடி எல்லாம் அதற்குள்தான் வரவேண்டும். மாநிலத்தில் அரசுப் பள்ளிகள் மட்டும் 37 ஆயிரத்துக்கும் மேல், தொகுதிகள் 234, ஆக ஒரு தொகுதிக்குச் சராசரியாக நூற்றைம்பது பள்ளிகளுக்கு மேல் வருகிறது. மூன்று கோடியையும் பள்ளிக்கே கொடுத்தாலும் ஒரு பள்ளிக்கு வருஷத்துக்கு இரண்டு லட்சம்கூடத் தேறாது. அதோடு இந்த நிதி கட்டடம் மாதிரி நிலையான சொத்துக்குத்தான், ஆசிரியர் சம்பளம் போன்ற தொடர் செலவுக்கு அதைத் தொட முடியாது. இன்னொரு பக்கம் பாருங்கள், 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். அந்தப் பணம் மானியக் கோரிக்கை எண் 43 என்ற பெயரில் சட்டமன்றத்துக்கு வந்து, இதே எம்.எல்.ஏ.க்கள் விவாதித்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் செலவாகிறது. அவர் கையில் இருக்கிற 3 கோடியை விட அவர் வாக்களிக்கிற 46 ஆயிரம் கோடிதான் எங்கள் பள்ளியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. ஆனால் தொகுதியில் கல்வெட்டு வைப்பது அந்த 3 கோடிக்கு மட்டும்தான்.

சரி, பள்ளி மேலாண்மைக் குழு என்றால் என்ன என்று உங்கள் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21, ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இப்படி ஒரு குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள், உள்ளாட்சிப் பிரதிநிதியும் ஆசிரியர்களும் உண்டு. அடுத்த பிரிவு 22, அந்தக் குழுவே பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்றும், அரசு பணம் ஒதுக்கும்போது அந்தத் திட்டத்தைத்தான் அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. பல வருஷம் இது பேப்பரில்தான் இருந்தது. தமிழ்நாட்டில் 2022இல் எல்லாப் பள்ளியிலும் புதிதாகக் குழு அமைத்து, கூட்டம் நடத்தி, தீர்மானங்களைச் செயலியில் ஏற்றும் பழக்கம் வந்தது. உண்மையிலேயே நல்ல மாற்றம் அது. எங்கள் குழுவில் இருக்கிற அம்மாக்களில் பெரும்பாலானவர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள். மதியக் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, கழிவறைக்குத் தண்ணீர் வருவதில்லை, இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லை, சாயங்காலம் பஸ் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தீர்மானம் போடுகிறார்கள். தலைமையாசிரியர் அதைப் பதிவு செய்கிறார். அதற்கப்புறம் அது எங்கே போகிறது? சில விஷயம் பள்ளி அளவிலேயே முடிந்துவிடும். பல விஷயம் வேறு துறையின் கையில் இருக்கிறது. போக்குவரத்துக் கழகம், மின்வாரியம், ஊராட்சி ஒன்றியம், பொதுப்பணித் துறை, வருவாய்த் துறை என்று ஐந்து அலுவலகங்களை ஒரு தலைமையாசிரியர் தட்டி எழுப்ப முடியுமா? வட்டாரக் கல்வி அலுவலர் சொன்னால் பஸ் டிப்போ மேலாளர் கேட்பாரா? இந்த எல்லாத் துறையும் மதித்து பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆள் தொகுதியில் ஒருவர்தான் இருக்கிறார், அவர்தான் எம்.எல்.ஏ.

இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் பக்கத்து மாநிலத்தைத்தான் காட்டுவேன். கோழிக்கோட்டில் 2006 முதல் 2021 வரை எம்.எல்.ஏ.வாக இருந்தவர் ஏ.பிரதீப்குமார், மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். அவருடைய தொகுதியில் நடக்காவு என்ற இடத்தில் ஒரு அரசுப் பெண்கள் பள்ளி இருக்கிறது, 1893இல் தொடங்கியது. இரண்டாயிரத்துக்கும் மேல் பெண் பிள்ளைகள் படிக்கிற பள்ளி, ஆனால் கட்டடங்கள் பழசு, வசதி இல்லை. மற்றவர்கள் செய்கிற மாதிரி நான்கு வகுப்பறைக்கு எஸ்டிமேட் போட்டுவிட்டு அவரும் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு அரசுப் பள்ளியை முழுசாக நல்ல பள்ளியாக மாற்ற என்னென்ன வேண்டும் என்று ஆசிரியர்கள், பெற்றோர்கள், கல்வியாளர்கள் எல்லாரையும் உட்கார வைத்துத் திட்டம் போட்டு, அதற்குப் 'பிரிசம்' என்று பெயர் வைத்தார். கோழிக்கோடு ஐ.ஐ.எம். என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனம் அதில் கைகொடுத்தது. எம்.எல்.ஏ. நிதி, எம்.பி. நிதி, அரசுப் பணம் ஆகியவற்றோடு கேரளத்தைச் சேர்ந்த ஒரு தொழிலதிபர் குடும்பத்தின் அறக்கட்டளையும் பெரிய தொகை கொடுத்தது. 2013இல் அந்தப் பள்ளி புதுசாகத் திறக்கப்பட்டபோது நூலகம், ஆய்வகங்கள், செயற்கைப் புல்தரை மைதானம், ஒரே நேரத்தில் ஏராளமான பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடும் உணவுக்கூடம் என்று எல்லாமே இருந்தன. நாட்டின் முன்னணி அரசுப் பள்ளிகள் என்று பட்டியல் போடுகிறவர்கள் அதற்கப்புறம் நடக்காவின் பெயரை விடுவதில்லை.

அறக்கட்டளைப் பணம் வந்ததால்தானே முடிந்தது என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். கொடையாளர்களை நம்பிப் பள்ளிக்கூடம் நடத்துவதில் எனக்கும் உடன்பாடு இல்லை, அவர்கள் ஒரு பள்ளியை மின்ன வைப்பார்கள், பக்கத்துப் பள்ளி அப்படியே கிடக்கும். ஆனால் கோழிக்கோட்டுக் கதை அங்கே நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். நடக்காவில் கிடைத்த அனுபவம் மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது. 2017இல் கேரள அரசு பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் என்று தொடங்கியபோது, 140 தொகுதியிலும் தொகுதிக்கு ஒரு பள்ளியாவது எடுத்து 5 கோடி ரூபாய் வரை அரசே செலவழித்து மேம்படுத்துவது என்று முடிவு செய்தது. கவனியுங்கள், தொகுதிதான் அலகு, அதாவது ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் தன் தொகுதியில் பள்ளி மேம்பாட்டுக்குப் பொறுப்பாகிறார். ஒரு எம்.எல்.ஏ. ஒரு பள்ளியில் முழு மனசோடு செய்தது மாநிலத்தின் கொள்கையாகப் போய் முடிந்தது.

அதே தொகுதியில் மலாப்பரம்பு என்ற இடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும், எனக்கு நடக்காவை விட இதுதான் பெரிசாகப் படுகிறது. அங்கே நூறு பிள்ளைகள்கூட இல்லாத, அரசு உதவிபெறும் ஒரு தனியார் பள்ளி. லாபம் இல்லை என்று நிர்வாகி மூட நினைத்தார், 2014இல் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டடம் இடிக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் திரண்டார்கள், எம்.எல்.ஏ.வும் அவர்களோடு நின்றார், பள்ளி தொடர்ந்து நடந்தது. வழக்கு நீதிமன்றம் போய் மூடச் சொல்லி உத்தரவும் வந்தபோது, 2016இல் கேரள அரசு அந்தப் பள்ளியைத் தானே எடுத்துக்கொண்டது. இத்தனைக்கும் அது இருந்த நிலம் நகரத்துக்குள் நல்ல விலைபோகிற நிலம். நூறு ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு எம்.எல்.ஏ. இந்த அளவுக்கு நின்றால் அதில் ஓட்டு லாபம் என்ன பெரிசாக வரப்போகிறது, ஆனாலும் நின்றார்கள். உங்கள் தொகுப்பில் இருந்த அட்டவணையில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

நம்மிடம் இப்படிப்பட்ட வரலாறு இல்லாமல் இல்லை. 1920இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது, ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஒரு அணாவுக்கு மேல் போகாமல். ஒரே ஒரு பள்ளிக்கு மக்கள் பிரதிநிதிகள் போட்ட தீர்மானம் அது. அப்புறம் காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவு என்று அது எங்கெங்கோ வளர்ந்து நிற்கிறது.

இப்போது எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். யார் பெயரையும் கட்சியையும் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இது ஒரு ஆளின் குறை இல்லை, எல்லாத் தொகுதியிலும் நடக்கிற முறையே இதுதான். பக்கத்துக் கிராமங்களிலிருந்து எங்கள் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒரே ஒரு டவுன் பஸ். காலையில் பள்ளி மணி அடித்த பிறகுதான் அது வந்து சேரும், சாயங்காலம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சிறப்பு வகுப்பு முடிவதற்கு முன்னாடியே போய்விடும். பையன்கள் யாருடைய பைக்கிலாவது தொற்றிக்கொண்டு போவார்கள். பெண் பிள்ளைகள் சிறப்பு வகுப்பில் பாதியில் எழுந்து ஓட வேண்டும், இல்லாவிட்டால் இருட்டில் நடக்க வேண்டும். இதைத் தீர்மானமாகப் போட்டு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுத்தோம். அவர் நல்லவர், மறைக்க ஒன்றுமில்லை, எங்கள் கண் முன்னாலேயே டிப்போவுக்குப் போன் போட்டுப் பேசினார். அடுத்த வாரமே பஸ் நேரம் மாறியது. எல்லாருக்கும் சந்தோஷம். கொஞ்ச மாதம் போனது, டிப்போவில் மேலாளர் மாறினார், பஸ் பழைய நேரத்துக்கே போய்விட்டது. போய்க் கேட்டால் நேரம் மாற்றச் சொல்லி எழுத்தில் எந்த உத்தரவும் இல்லையே என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான், உத்தரவு இல்லை.

போனில் நடக்கிற வேலை போனிலேயே கெட்டும் போகிறது. எம்.எல்.ஏ.க்களுக்குப் போன் போட்டு முடிப்பது சுலபம், மக்களுக்கும் அது பிடித்திருக்கிறது, "ஒரே போன்தான், வேலை முடிஞ்சுது" என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அவர் ஒரு கடிதம் எழுதி, போக்குவரத்துக் கழகத்தின் பதிலை எழுத்தில் வாங்கி, அதன் நகலைப் பள்ளிக்குக் கொடுத்திருந்தால், மேலாளர் மாறினாலும் எம்.எல்.ஏ.வே மாறினாலும் அந்தக் காகிதம் நின்றிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கூலிக்காரப் பெற்றோர்கூடப் போய் உரிமையோடு கேட்கலாம்.

எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு வருகிற மனுக்களில் பள்ளி மனு ஒரு ஓரத்தில்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். முதியோர் பென்ஷன் நின்றுபோனது, பட்டா பெயர் மாற்றம், அரசு மருத்துவமனையில் படுக்கை, குடும்பத் தகராறு, கோயில் திருவிழாப் பிரச்சினை என்று விடிகாலையிலிருந்து வாசலில் ஆள் நிற்கிறார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகாவிட்டால் கோபித்துக்கொள்கிறோம். அந்த நெருக்கடியில் அவர் பள்ளியைத் தனியாக நினைக்க நேரம் எங்கே என்று அவருடைய உதவியாளர் என்னிடமே கேட்டார். அதற்கு என் பதில், மற்ற மனுக்கள் என்று நீங்கள் வைத்திருக்கிறீர்களே, அதில் பாதி பள்ளிக்கூட மனுதான் என்பது. பஸ் பிரச்சினை பள்ளிப் பிரச்சினை. தெருவிளக்கு எரியாதது சாயங்காலம் டியூஷனுக்கும் சிறப்பு வகுப்புக்கும் போகிற பெண்ணின் பிரச்சினை. பள்ளிக்குப் போகிற வழியில் டாஸ்மாக் கடை இருப்பதும் அப்படித்தான், விதிப்படி நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் பள்ளியிலிருந்து 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளியிருந்தால் போதும் என்பதால் 101ஆவது மீட்டரில் கடை சட்டப்படியே நடக்கும், அந்த வழியாகத்தான் பிள்ளைகள் நடப்பார்கள். விதியை மாற்றுகிற இடம் எது? சட்டமன்றம் உட்கார்ந்திருக்கிற அதே கோட்டைதானே.

சாதிச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். வட மாவட்டங்களில் இருளர் குடியிருப்பில் போய்ப் பாருங்கள், எட்டாவது, பத்தாவது வரை படித்துவிட்டு நின்றுபோன பிள்ளைகள் இருப்பார்கள். பழங்குடியினர் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும், அவர் விசாரணை என்று வைத்திருப்பார், அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள், அப்பா பள்ளிக்கூடமே போனதில்லை, அவருக்கு எங்கே இருக்கும். சான்றிதழ் இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை, விடுதி இல்லை, கல்லூரியில் இடஒதுக்கீடு இல்லை. இந்தப் பிள்ளைகளை இடைநின்றவர்கள் என்று கணக்கில் எழுதுகிறோம், படிக்க ஆசையில்லாததால் நின்ற மாதிரி. அந்தக் கோட்டத்தில் எத்தனை விண்ணப்பம் எத்தனை மாதமாக நிற்கிறது என்று எம்.எல்.ஏ. பட்டியல் கேட்டு வாங்கினாலே, அந்த ஒரு கேள்விக்கே பல கோப்புகள் நகரும். இது கல்விப் பணியா வருவாய்த் துறைப் பணியா? அந்தப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் கூரை பற்றி எரிந்து 94 பிள்ளைகள் செத்துப்போன மாநிலம் இது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் பழுதான கட்டடங்களைக் கண்டுபிடித்து இடிக்கும் வேலை மாநிலம் முழுக்க வேகமாக நடந்தது. இடித்தது சரி, ஆனால் இடித்த வேகத்தில் திரும்பக் கட்டவில்லை என்ற குறை பல ஊர்களில் உண்டு, மரத்தடியிலும் சமுதாயக் கூடத்திலும் வகுப்பு நடந்தது. கட்டடம் எத்தனை கட்டினார் என்பதோடு, தொகுதியில் எந்தப் பள்ளிக் கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது என்று அவரிடம் ஒரு பட்டியல் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பிள்ளைகள் உயிர் போன பிறகு போய் மாலை வைப்பது மக்கள் பிரதிநிதியின் வேலை ஆகிவிடக் கூடாது. ஐந்து வருஷத்தில் ஒரு தடவையாவது தொகுதியில் இருக்கிற எல்லா அரசுப் பள்ளியின் கழிவறையையும் நேரில் பார்த்த எம்.எல்.ஏ. இருந்தால் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் நான் கை தட்டுவேன்.

இனி சட்டமன்றம். 2020இல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் தனி இடம், சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம், முதல் ஆண்டிலேயே 400க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. அதற்கு முந்தின வருஷங்களில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். போனார்கள். சட்டமன்றம் நினைத்தால் எவ்வளவு பெரிய கதவைத் திறக்க முடியும் என்பதற்கு இதை விடச் சாட்சி வேண்டாம். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் இயற்பியலுக்கு முதுகலை ஆசிரியர் இடம் மாதக்கணக்கில் காலியாக இருக்கிற பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன்? மேலே இடம் தயாராக இருக்கிறது, ஏறிப் போகப் படி இல்லை. எங்கள் பள்ளியில் பெற்றோர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தற்காலிகமாக ஒரு பெண்ணை வைத்துப் பாடம் நடத்தினோம். நன்றாகத்தான் நடத்தினார், ஆனால் அவருக்கு நாங்கள் கொடுத்த சம்பளத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்தக் காலியிடத்தை எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேள்வியாக எழுப்பலாம், அதற்குக் கேள்வி நேரம் இருக்கிறது. அவசரமென்றால் கவன ஈர்ப்புத் தீர்மானம் இருக்கிறது. மானியக் கோரிக்கை எண் 43 வரும்போது தன் தொகுதியில் எந்தப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை என்று பெயர் சொல்லிப் படிக்கலாம். அமைச்சர் பெரும்பாலும் "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்பார். அதோடு நாம் மறந்துவிடுகிறோம். சட்டமன்றத்தில் அமைச்சர்கள் கொடுக்கிற வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்ப்பதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது, எம்.எல்.ஏ.க்களே அதில் உறுப்பினர்கள், மாவட்டம் மாவட்டமாக ஆய்வுக்கும் போகிறார்கள். அவர்கள் நம் மாவட்டத்துக்கு வரும்போது பள்ளி விஷயத்தில் எந்தெந்த உறுதிமொழி நிலுவையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் எங்களுக்கெல்லாம் பெரிய உதவி.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும், எதிர்க்கட்சி என்று பார்க்காமல், கடிதம் எழுதித் தொகுதியில் நீண்ட நாளாக நிறைவேறாத முக்கியமான 10 கோரிக்கைகளைக் கேட்டார். நல்ல முயற்சி. அந்த 10 கோரிக்கைகளைத் தயாரிக்கும்போது எங்கள் தொகுதியில் ஒரு பள்ளி மேலாண்மைக் குழுவைக்கூடக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. கிராமசபையிலும் யாரும் கேட்கவில்லை. பாலம், புறவழிச்சாலை, பஸ் நிலையம் எல்லாம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தச் சொல்லி நிலம் கொடுத்து, பங்குத்தொகை கட்டி, வருஷக்கணக்கில் காத்திருக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. அந்த ஊர்களில் எட்டாவது முடித்த பெண் பிள்ளை அடுத்த ஊருக்குப் போய்ப் படிப்பாளா வீட்டிலேயே இருப்பாளா என்பது அந்த ஒரு கோப்பில்தான் இருக்கிறது. பாலம் இரண்டு வருஷம் தாமதமானால் சுற்றிக்கொண்டு போவோம், அந்தப் பெண்ணுக்கு அந்த இரண்டு வருஷம் திரும்ப வராது.

மத்திய, மாநிலச் சண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024-25ஆம் ஆண்டுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது என்று தமிழக அரசு 2025இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பிஎம்ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாததற்காகப் பிள்ளைகளின் பணத்தை நிறுத்துவது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் தொகுதியில் அந்தப் பணம் வராததால் எந்தப் பள்ளியில் எது நின்றது, எந்தச் சிறப்பு ஆசிரியருக்குச் சம்பளம் தாமதமானது என்று எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வும் வந்து சொல்லவில்லை. மேடையில் முழங்கினார்கள், அவ்வளவுதான். பெற்றோர்களுக்கு விவரம் சொன்னால் நாங்களும் சேர்ந்து கேட்போமே.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை இந்தத் தொகுப்பைப் போடும்போது ஒவ்வொரு எம்.எல்.ஏ.விடமும் சில கேள்விகளை எழுத்தில் கேட்டு அவர்கள் பதிலை அப்படியே வெளியிடுங்கள். உங்கள் தொகுதியில் எத்தனை அரசுப் பள்ளி, எத்தனை ஆசிரியர் இடம் காலி, எந்தெந்தப் பாடம்? இந்த ஆண்டு எத்தனை பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானங்கள் உங்கள் கைக்கு வந்தன, அவற்றில் எத்தனைக்கு எழுத்தில் பதில் வாங்கினீர்கள்? கல்வி பற்றிச் சட்டமன்றத்தில் என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது? பள்ளி நேரத்துக்குப் பஸ் இல்லாத ஊர்கள் எவை? நிலுவையில் இருக்கிற சாதிச் சான்றிதழ் விண்ணப்பங்கள் எத்தனை? பதில் சொல்லாதவர்கள் பெயருக்கு எதிரே பதில் வரவில்லை என்று மட்டும் போடுங்கள், திட்டி எழுத வேண்டியதில்லை. தேர்தல் சமயத்தில் வேட்பாளர்கள் எல்லாரிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். தொகுதியில் இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர்களையும், எம்.எல்.ஏ.வையும், வட்டாரக் கல்வி அலுவலரையும், பஸ் டிப்போ ஆளையும், கோட்டாட்சியரையும் வருஷத்துக்கு ஒரு நாள் ஒரே இடத்தில் உட்கார வைக்க உங்கள் நாளிதழே ஏற்பாடு செய்தால் இன்னும் நல்லது, மாவட்ட மக்கள் மத்தியில் உங்களுக்கு இருக்கிற மரியாதைக்கு அவர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். எங்கள் பள்ளியில் இடம் இருக்கிறது, நாற்காலி வாடகையைப் பெற்றோர்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கடிதத்தைப் போடும்போது என் பெயரும் ஊரும் வேண்டாம். மகள் இன்னும் அதே பள்ளியில்தான் படிக்கிறாள், தலைமையாசிரியருக்கும் வீண் தொந்தரவு வரக் கூடாது. நேரில் பேச வேண்டுமென்றால் உங்கள் செய்தியாளர் தாராளமாக வரலாம், பஸ் நேரம் பற்றி நாங்கள் போட்ட தீர்மானங்களின் நகல்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
அரசு மேல்நிலைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர் ஒருவர்